பழைய புல்லட்டில் புதுச் சத்தம்: இன்ஜினைப் பிரிக்கச் சொல்லும் முன் பார்க்க வேண்டியவை

பழைய புல்லட் எதுவும் சத்தமில்லாமல் ஓடாது. வார்ப்பிரும்பு சிலிண்டர், வால்வைத் திறக்கத் தள்ளும் நீளமான புஷ்ராடுகள், பல்லோடு பல் சேரும் டைமிங் கியர்கள், இன்ஜினையும் கிளட்சையும் இணைக்கும் இரட்டை வரிசை பிரைமரி செயின் என்று உள்ளே இருப்பதெல்லாம் சத்தம் போடும் சாமான்கள்தான். அதனால் சத்தம் வருகிறதா என்று கேட்டுப் பயனில்லை. நேற்று இல்லாத சத்தம் இன்று வருகிறதா, எப்போது வருகிறது, எதைச் செய்தால் நிற்கிறது என்று கேட்க வேண்டும். இதற்குப் பதில் தெரியாமல் வண்டியை ஒர்க்‌ஷாப்பில் விட்டால் ‘இன்ஜின் வேலை இருக்கு சார்’ என்று சொல்வார்கள். மறுத்துப் பேச நம்மிடம் ஒன்றும் இருக்காது.

இங்கே சொல்வது திருவொற்றியூரில் தயாரான, கியர்பாக்ஸ் தனியாகவும் இன்ஜின் தனியாகவும் இருக்கும் 346 சிசி வார்ப்பிரும்பு புல்லட்டுக்கு. வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக், நான்கு கியர் உள்ள வண்டி. இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கூட்டில் இருக்கும், புஷ்ராடு போட்ட பிற்கால வண்டிகளில் டேப்பட் (கேமுக்கும் புஷ்ராடுக்கும் நடுவே உள்ள பாகம்) ஹைட்ராலிக். அவற்றில் டேப்பட் வைக்கும் வேலையே கிடையாது. ஸ்ப்ளெண்டர், ஆர்எக்ஸ் 100 வைத்திருப்பவர்களுக்கும் சோதிக்கும் முறை இதேதான். பாகங்கள்தான் மாறும்.

எடுத்து வைக்க வேண்டியவை

ஒரு அடிக்குக் குறையாத ஸ்குரூ டிரைவர், ஸ்பேனர் செட், பிளக் ஸ்பேனர், இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ், டார்ச், ஒரு சாக்பீஸ், பழைய துணி, கொஞ்சம் சோப்புத் தண்ணீர், ஒரு சின்னக் காந்தம். டேப்பட் வைக்க மெல்லிய ஸ்பேனர்கள் வேண்டும். சாதாரண ஸ்பேனர் தடிமனாக இருப்பதால் அந்த இடுக்கில் நுழையாது. புல்லட் சாமான் விற்கும் கடையில் டேப்பட் ஸ்பேனர் என்றே கேட்டால் செட்டாகக் கிடைக்கும்.

சோதனையைத் தொடங்கும் முன் ஆயில் அளவைப் பாருங்கள். வண்டியை ஓட்டி வந்து நிறுத்திய சில நிமிடத்தில், மெயின் ஸ்டாண்டில் நிறுத்திப் பார்க்க வேண்டும். பல நாள் நின்ற வண்டியில் ஆயில் பம்ப் வழியாக மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கியிருக்கும்; அப்போது டிப் ஸ்டிக்கைப் பார்த்தால் ஆயிலே இல்லாத மாதிரி காட்டும். அதை நம்பி மேலும் ஊற்றினால் வண்டி ஓடும்போது பிரீதர் (இன்ஜினுக்குள் சேரும் காற்றை வெளியேற்றும் குழாய்) வழியாகக் கக்கும். கையில் எடுத்துத் தேய்த்தால் தண்ணீர் மாதிரி ஓடுகிற ஆயிலோடு சத்தம் தேடுவது வீண். 20டபிள்யூ50 ஆயில் மாற்றிவிட்டு, 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் தொடரலாம்.

முதலில் ஓட்டிப் பார்த்து ஒதுக்குவது

சத்தம் இன்ஜின் வேகத்தோடு போகிறதா, சக்கர வேகத்தோடு போகிறதா என்பதை முதலில் பிரித்துவிட வேண்டும். ஆள் இல்லாத நேர்ச் சாலையில் 40 கிலோமீட்டர் வேகம் வந்ததும் கிளட்சைப் பிடித்து ஆக்சிலேட்டரை விடுங்கள். இன்ஜின் அடங்கி ‘டுப் டுப்’ என்று வரும்போது சத்தமும் கூடவே அடங்கினால் அது இன்ஜின் பக்கம். அடங்காமல் வண்டியின் வேகத்தோடு மெல்ல மெல்லக் குறைந்தால் சக்கரம், செயின், பிரேக், ஸ்பீடோமீட்டர் கேபிள் இவற்றில் ஒன்று. இந்த ஒரு சோதனையிலேயே பாதி வண்டியை ஒதுக்கிவிடலாம்.

அடுத்து வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் மெல்ல முறுக்குங்கள். நிற்கும்போதே சத்தம் வந்தால் நல்லது, தேடுவது சுலபம். ஓடும்போது மட்டும், அதுவும் மேட்டில் ஏறும்போது மட்டும் வந்தால் அது சுமை ஏறும்போது வரும் சத்தம். நாக்கிங் (பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிப்பது), பெண்டு பைப் (ஹெட்டிலிருந்து சைலென்சருக்குப் போகும் குழாய்) கசிவு, கியர்பாக்ஸ் ஆகியவை அந்த வகை. ஆக்சிலேட்டரை விட்டுவிட்டு இறக்கத்தில் வரும்போது கேட்டால் பிக் எண்டு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனை), சின்ன எண்டு (அது பிஸ்டனோடு சேரும் முனை), சைலென்சர் கசிவு என்று வேறு பட்டியல்.

காலையில் முதல் உதைக்கு வந்து பத்து நிமிடத்தில் போய்விடுகிறதா, சூடு ஏற ஏறக் கூடுகிறதா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். குளிரில் வந்து சூட்டில் போவது பெரும்பாலும் பயப்படத் தேவையில்லாதது. சூட்டில் வருவதுதான் கவலைக்குரியது, ஏனென்றால் ஆயில் இளகியபின் இடைவெளி விட்ட பாகம் தன் உண்மை நிலையைக் காட்டுகிறது.

கடைசியாக, இன்ஜினை நிறுத்திவிட்டு நியூட்ரலில் வண்டியைக் கையால் தள்ளிப் பாருங்கள். தெருவில் ஆள் நடமாட்டம் இல்லாத இரவு நேரம் இதற்கு ஏற்றது. பிரேக் ஷூ உரசும் ‘சர் சர்’, செயின் கணு மடியாமல் வரும் ‘டிக்’, பேரிங்கின் ‘கர கர’ எல்லாம் இன்ஜின் சத்தத்தில் மறைந்து போகிறவை. தள்ளும்போது தெளிவாகக் கேட்கும்.

இன்ஜினுக்கு வெளியே

லொட லொட சத்தத்தில் முக்கால்வாசி நட்டு போல்ட்டில்தான் முடியும். டூல் பாக்ஸ் மூடி, பேட்டரி பெட்டி, நம்பர் பிளேட், மட்கார்டு கம்பி, செயின் கவர், ஃபுட்ரெஸ்ட், லெக் கார்டு, டேங்க் அடியில் உள்ள ரப்பர். இன்ஜின் ஸ்லோவில் ஓடும்போது ஒவ்வொன்றையும் கையால் அழுத்திப் பிடியுங்கள். பிடித்ததும் நின்றால் ஆள் அகப்பட்டான். ஒரே குறிப்பிட்ட வேகத்தில், உதாரணமாக 55-லிருந்து 60-க்குள் மட்டும் வரும் அதிர்வுச் சத்தம் இந்த வகை. அதற்கு மேலும் கீழும் இருக்காது. இன்ஜின் மவுண்ட் போல்ட்டுகளையும் இப்போதே இறுக்கிவிடுங்கள். அவை லூசானால் மொத்த வண்டியும் இன்ஜின் கெட்டுப்போன மாதிரி அதிரும்.

சைலென்சரை வண்டி ஆறியபின் கையால் தட்டிப் பாருங்கள். உள்ளே ‘கல கல’ என்றால் தகடு உடைந்து கிடக்கிறது. மெயின் ஸ்டாண்டின் ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பள்ளத்தில் இறங்கும்போதெல்லாம் ஸ்டாண்டு சைலென்சரில் மோதி ‘டங்’ என்று அடிக்கும். இதைக் கேட்டுவிட்டு ஷாக் அப்சர்பர் மாற்றியவர்கள் உண்டு.

கீச்சுக்குரலில், வேகம் கூடக் கூடச் சுருதி ஏறும் சத்தம் ஸ்பீடோமீட்டர் கேபிள். முள்ளும் கூடவே துள்ளும். கேபிளின் உள்கம்பியை உருவித் துடைத்து கிரீஸ் தடவிப் போட வேண்டும். ஆனால் மீட்டர் பக்கத்து நுனியில் அரை அடி தூரத்துக்கு கிரீஸ் வேண்டாம். கம்பி சுழலும்போது கிரீஸ் மேலே ஏறி மீட்டருக்குள் போய்விடும்.

செயினுக்கு வருவோம். மெயின் ஸ்டாண்டில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, பின் சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். செயின் தொங்கும் அளவு எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. எந்த இடத்தில் அதிகம் இறுகி நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் குறி போட்டு, அந்த இடத்தில் ஒரு அங்குலம் ஆட்டம் இருக்கும்படி வையுங்கள். இருபக்கமும் உள்ள நத்தை வடிவத் தகடுகள் ஒரே எண்ணிக்கைப் பல்லில் நிற்க வேண்டும். இல்லையென்றால் சக்கரம் கோணிக்கொண்டு ஸ்பிராக்கெட் ஒரு பக்கமாகத் தேயும், ‘நற நற’ என்று அதற்கும் ஒரு சத்தம் வரும். சக்கரம் ஒரு சுற்று சுற்றுவதற்குள் ஒருமுறை கேட்கும் சத்தம் பிரேக் டிரம்மிலோ பேரிங்கிலோ இருக்கிறது. இரண்டு சுற்றுக்கு மேல் சுற்றினால்தான் ஒருமுறை கேட்கிறது என்றால் அது செயினில் மடிய மறுக்கும் ஒரு கணு.

இன்ஜின் ஓடும்போது செயினைத் துடைக்கவோ தொடவோ கூடாது. விரல் போகும்.

ஆக்சிலேட்டர் கொடுக்கும்போதும் விடும்போதும் பின்னாலிருந்து ‘டொக்’ என்று ஒரு அடி விழுந்தால் ஹப் ரப்பரைச் சந்தேகப்படுங்கள். புல்லட்டில் ஸ்பிராக்கெட்டும் பிரேக் டிரம்மும் ஒரே பாகம். சக்கரம் அதோடு ரப்பர் கட்டைகள் வழியாக மட்டும் சேர்ந்திருக்கிறது. ஆகவே ஒருவரைப் பின் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு சக்கரத்தை முன்னும் பின்னும் கையால் அசையுங்கள். டிரம் நகராது. சக்கரம் மட்டும் எவ்வளவு ஆடுகிறதோ அவ்வளவும் ரப்பரின் தேய்மானம். லேசாக அமுங்கி மீண்டால் சரி. காலியாக ஆடி இரும்பில் இரும்பு தட்டினால் செட்டாக மாற்றுங்கள். சக்கரத்தைக் கழற்றினால் மாற்றிவிடலாம், வீட்டிலேயே செய்கிற வேலை.

முன்பக்கம் ‘டக்’ என்றால் முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு வண்டியை முன்னும் பின்னும் ஆட்டி, இன்னொரு கையின் விரலை ஹேண்டில் கோன்செட்டும் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) சட்டமும் சேரும் இடத்தில் வைத்துப் பாருங்கள். விரலுக்குத் தட்டினால் கோன்செட் லூசு. விரலில் படாமல் கீழே கேட்டால் ஃபோர்க் புஷ்ஷோ, ஃபோர்க் ஆயில் வற்றியதோ காரணம்.

ஸ்குரூ டிரைவரைக் காதில் வைப்பது

வெளியே ஒன்றும் இல்லையென்று உறுதியானபின் இன்ஜின். ஸ்குரூ டிரைவரின் கைப்பிடியைக் காதுக்குப் பின்னால் உள்ள எலும்பில் அழுத்தி, நுனியை இன்ஜினின் மேல் வைத்தால், டாக்டரின் ஸ்டெதஸ்கோப் போல உள்ளே நடப்பது கேட்கும். காதுத் துளைக்குள் நுழைக்காதீர்கள். வண்டி உதறினால் செவிப்பறை கிழியும். துப்பட்டா, சட்டை நுனி, தலைமுடி எதுவும் தொங்கக் கூடாது. சூடான பெண்டு பைப்பும் பக்கத்திலேயே இருக்கிறது.

நுனியை வரிசையாக வையுங்கள்: மேலே இரண்டு ராக்கர் மூடிகள், சிலிண்டரின் நடு, வலப்பக்க டேப்பட் மூடி, அதற்குக் கீழே டைமிங் கவர், இடப்பக்கம் பிரைமரி கேஸ், கடைசியில் கியர்பாக்ஸ். உலோகம் சத்தத்தை எல்லாப் பக்கமும் கடத்தும் என்பதால் ஒரு இடத்தில் கேட்டதும் முடிவு கட்டாமல், எந்த இடத்தில் மிகக் கூர்மையாகக் கேட்கிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

கூடவே ஒரு கணக்கு. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் சைலென்சரில் ஒரு ‘டுப்’. வால்வு, புஷ்ராடு, டேப்பட் எல்லாம் கேம் வேகத்தில், அதாவது கிராங்கின் பாதி வேகத்தில் இயங்குகின்றன. ஒரு ‘டுப்’புக்கு ஒரு ‘டிக்’ என்று வந்தால் மேல்பக்கம், வால்வு சார்ந்தது. ஒரு ‘டுப்’புக்கு இரண்டு ‘டொக்’ என்று சீராக வந்தால் கிராங்கோடு சுழலும் எதையாவது பார்க்க வேண்டும். இரண்டு டேப்பட்டும் லூசாக இருந்தாலும் இரண்டு கேட்கும், ஆனால் அவை சம இடைவெளியில் விழாது. புல்லட் ஸ்லோவில் மெதுவாக ஓடும் வண்டி என்பதால் இந்த எண்ணிக்கை காதுக்கு எட்டும். எட்டாவிட்டால் போனில் பதிவு செய்து மெதுவாக ஓடவிட்டுக் கேளுங்கள்.

‘டிக் டிக்’: டேப்பட்டா, பெண்டு பைப்பா?

டேப்பட்டைத் தொடும் முன் இரண்டு இடத்தைப் பாருங்கள். ஹெட்டில் பெண்டு பைப் சேரும் இடத்தில் கசிவு இருந்தால் அச்சு அசலாக டேப்பட் மாதிரியே ‘டிக் டிக்’ என்று கேட்கும். அந்த இடத்தில் கரி படிந்திருக்கும். மேட்டில் சத்தம் கூடும். ஸ்பார்க் பிளக் முழுதாக இறுகாமல் இருந்தாலும் இதே சத்தம்தான். பிளக்கைச் சுற்றி இன்ஜின் ஆறியிருக்கும்போது சோப்புத் தண்ணீர் விட்டு கிக்கரை மெல்ல அழுத்தினால் குமிழ் வரும். உதைக்கும் முன் சிலிண்டரின் அழுத்தத்தை வெளியே விடும் டீகம்ப்ரஷரின் கேபிளும் இந்தக் கூட்டாளிதான். அதன் லீவரில் கொஞ்சம்கூட ஆட்டம் இல்லாமல் கேபிள் இழுத்துக்கொண்டு நின்றால் அந்தச் சின்ன வால்வு முழுதாக மூடாமல் ‘புஸ்’ என்று கசியும். கேபிளைத் தளர்த்திவிட்டு மறுபடி கேளுங்கள்.

இவை சரி என்றால் டேப்பட். இரவு முழுக்க நின்று குளிர்ந்த இன்ஜினில் மட்டும் செய்யுங்கள்.

1. பிளக்கைக் கழற்றுங்கள். வலப்பக்கம் சிலிண்டர் அடியில் ஒற்றை நட்டு போட்ட டேப்பட் மூடியைத் திறங்கள். அடியில் துணி வையுங்கள், ஆயில் வடியும்.

2. மெயின் ஸ்டாண்டில் டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை ஓடும் திசையில் மெல்லச் சுற்றுங்கள். இரண்டு புஷ்ராடும் ஏறி இறங்குவது தெரியும். பிளக் துளையில் விரலை வைத்தால் காற்று தள்ளும் ஸ்ட்ரோக் தெரியும். அதன் முடிவில், பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது, இரண்டு புஷ்ராடும் தாழ்ந்து இருக்கும். அங்கே நிறுத்துங்கள்.

3. ஒவ்வொரு புஷ்ராடையும் இரு விரலால் பிடித்துச் சுழற்றிப் பாருங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது. ஃபீலர் கேஜ் தேவையில்லை, விரல்தான் அளவு.

4. சரியில்லையென்றால் ஒரு ஸ்பேனரால் அடிப்பாகத்தைப் பிடித்து, இன்னொன்றால் லாக் நட்டைத் தளர்த்தி, மேல் பாகத்தைத் திருகுங்கள். கால் சுற்றுக்கும் குறைவாகத் திருகினாலே பெரிய வித்தியாசம் தெரியும்.

5. லாக் நட்டை இறுக்கியபின் மறுபடி சுழற்றிப் பாருங்கள். இறுக்கும்போது அளவு மாறிவிடுவது வழக்கம். புதிதாகச் செய்பவருக்கு மூன்று நான்கு முறை ஆகும். பிறகு சக்கரத்தைச் சுற்றி இன்ஜினை முழுச் சுழற்சி விட்டு இன்னொரு தடவை பார்த்துவிட்டு மூடுங்கள்.

சத்தமே வரக்கூடாது என்று இறுக்கி வைப்பதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தவறு. இறுக்கமான டேப்பட் வால்வை முழுதாக மூட விடாது. கம்ப்ரஷன் போகும், ஸ்டார்ட்டிங் கெடும், கடைசியில் எக்சாஸ்ட் வால்வு கருகும். லேசாக ‘டிக்’ சொல்லும் டேப்பட் எவ்வளவோ தேவலை.

அளவு சரியாக வைத்தும் மேலே ‘சடக் சடக்’ என்றால் ராக்கர் மூடியைத் திறந்து, ராக்கரைத் தாங்கும் கட்டையின் நட்டுகள் இறுகியிருக்கின்றனவா, ராக்கர் பக்கவாட்டில் அளவுக்கு மேல் ஆடுகிறதா என்று பாருங்கள். அங்கே ஆயில் ஏறாமல் உலர்ந்திருந்தாலும் இந்தச் சத்தம் வரும். ஹெட்டுக்குப் போகும் மெல்லிய ஆயில் குழாயின் போல்ட்டை ஸ்லோவில் ஓடும்போது கொஞ்சம் தளர்த்தினால் ஆயில் கசிய வேண்டும். ஒரு நிமிடத்துக்குள் வரவில்லையென்றால் உடனே இன்ஜினை அணைத்துவிடுங்கள். ஆயில் ஃபில்டர் மாற்றிய கையோடு இந்தப் பிரச்சினை தொடங்கியிருந்தால் ஃபில்டரையோ அதன் வாஷரையோ தப்பாகப் போட்டிருக்கிறார்கள்.

டைமிங் கவர் பக்கம் ‘ஙொய்ங்’ என்ற கியர் ஓசை இந்த வண்டியின் பிறவிக் குணம். திடீரென்று அது ‘கட கட’ என்று மாறினால் மட்டும் கவரைத் திறக்கலாம்.

இடப்பக்கம்: பொய்ப் பிக் எண்டு

இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைப்பீர்கள் என்றால் இதை வையுங்கள். இடப்பக்க பிரைமரி கேஸுக்குள் கிராங்கின் நுனியில், மின்சாரம் தரும் ஆல்டர்னேட்டரின் சுழலும் பாகமான ரோட்டர் உட்கார்ந்திருக்கிறது. அதன் நட்டு தளர்ந்தாலோ, அதை கிராங்கோடு பிணைக்கும் சாவி (கீ) தேய்ந்தாலோ, கிராங்கின் ஒவ்வொரு அசைவுக்கும் ரோட்டர் ‘டொக் டொக்’ என்று அடிக்கும். ஸ்லோவில் பலமாகவும் ஒழுங்கில்லாமலும் வந்து, முறுக்கினால் குறையும். கேட்பவர் யாரும் பிக் எண்டு போச்சு என்றுதான் சொல்வார்கள். கிராங்கை வெளியே எடுத்து லேத்துக்கு அனுப்பி, புது பின் போட்டுச் சேர்த்தபின்னும் அதே சத்தம் வந்த கதை புல்லட் உலகில் பழைய கதை. ஒரு நட்டை இறுக்கி முடிக்க வேண்டிய வேலை.

ஆகவே யார் பிக் எண்டு என்று சொன்னாலும் முதலில் இடப்பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். இடப்பக்க ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் எடுத்துவிட்டு, நடுவில் உள்ள ஒற்றை நட்டைக் கழற்றினால் கவர் வந்துவிடும். அடியில் தட்டு வையுங்கள், உள்ளே ஆயில் இருக்கும். ரோட்டரை இரண்டு கையாலும் பிடித்து அசையுங்கள். கிராங்க் நகராமல் ரோட்டர் மட்டும் துளி அசைந்தாலும் குற்றவாளி அதுதான். நட்டின் லாக் வாஷர் மடிக்கப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள்.

ரோட்டரின் மேல் பளபளவென்று புதுக் கீறல் இருந்தால் அது, சுற்றிலும் அசையாமல் நிற்கும் ஸ்டேட்டரில் உரசுகிறது. ‘சர்ர்’ என்ற சத்தம் அதிலிருந்து வருவது. சுற்றிலும் 0.2 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு தடையில்லாமல் போக வேண்டும். ஸ்டேட்டர் போல்ட்டுகளைத் தளர்த்தி, நடுவில் வைத்து இறுக்கினால் சரியாகும். எந்த நிலையில் வைத்தாலும் ஒரு பக்கம் உரசினால் கிராங்க் பேரிங்கே தேய்ந்திருக்கலாம்.

கவர் திறந்திருக்கும்போதே பிரைமரி செயினையும் பாருங்கள். மேல் வரிசையின் நடுவில் விரலால் தூக்கினால் கால் அங்குலம், அதாவது சுமார் 6 மி.மீ. ஆட்டம் வேண்டும். இன்ஜினைச் சுற்றி நான்கைந்து நிலையில் பார்த்து, மிக இறுக்கமான இடத்தில் இந்த அளவு வரும்படி அடியில் உள்ள அட்ஜஸ்டரைத் திருகுங்கள். லூசான செயின் கவரின் உள்பக்கத்தைச் சுரண்டிக் கோடு போட்டிருக்கும். அளவுக்கு மீறி இறுக்கினால் ‘உய்ங்’ என்று ஊளையிடும், கியர்பாக்ஸ் மெயின் ஷாஃப்ட் பேரிங்கையும் சேர்த்துத் தின்னும்.

கிளட்ச் சென்டர் நட்டும் ரோட்டர் நட்டு மாதிரியே ஏமாற்றும், அதையும் இறுக்கிவிடுங்கள். நியூட்ரலில் ஸ்லோவில் ஓடும்போது ‘கல கல’ சத்தம் கேட்டு, கிளட்ச் லீவரைப் பிடித்ததும் நின்றால், கிளட்ச் பிளேட்டின் காதுகள் கூடையின் பள்ளத்தில் ஆடுகின்றன. அந்தப் பள்ளங்களில் படிபடியாகத் தேய்மானம் தெரியும். இது தொந்தரவு கொடுத்தாலும் ஆபத்தில்லாதது, வசதிப்படும்போது மாற்றலாம். மாறாக லீவரைப் பிடித்தால்தான் சத்தம் தொடங்குகிறது என்றால் கிளட்சைத் தள்ளும் ராடும் அதன் நுனியும் காய்ந்திருக்கின்றன.

கியர்பாக்ஸ்

நான்கு கியர் புல்லட்டில் டாப் கியர் நேரடி. மற்ற மூன்று கியரிலும் சக்தி லே ஷாஃப்ட் என்ற துணைத் தண்டு வழியாகச் சுற்றிப் போகிறது. டாப்பில் அந்த ஷாஃப்ட்டின் மேல் சுமை இல்லை. அதனால் முதல் மூன்று கியரில் ஊளையிட்டு, டாப்பில் வாயை மூடிக்கொள்ளும் சத்தம் லே ஷாஃப்ட் கியரிலோ அதன் புஷ்ஷிலோதான். எல்லா கியரிலும் கேட்டால் மெயின் ஷாஃப்ட் பேரிங். ஒரே ஒரு கியரில் மட்டும் ‘கட கட’ என்றால் அந்தப் பல்லில் சேதம். உதைத்தபின் கிக்கர் முழுதாக மேலே திரும்பாமல் ‘கர்ர்ர்’ என்றால் ரிட்டன் ஸ்பிரிங், அவ்வளவுதான். கியர்பாக்ஸில் எண்ணெய் குறைந்தாலும் இதெல்லாம் கேட்கும் என்பதால் முதலில் அதை நிரப்பிவிட்டுக் கேளுங்கள். 

மேட்டில் வரும் ‘கிணி கிணி’

சுமையோடு மேடு ஏறும்போது, டாப் கியரில் குறைந்த வேகத்தில் முறுக்கும்போது, சில்லறையைக் குலுக்குவது போல ஒரு சத்தம் வந்தால் அது நாக்கிங். எந்தப் பாகமும் தேயவில்லை. பெட்ரோல் தப்பான நேரத்தில் வெடிக்கிறது. பாயிண்ட் (தீப்பொறி விழும் நேரத்தைத் தீர்மானிக்கும் தொடர்பு முனைகள்) உள்ள வண்டியில் அதன் இடைவெளி 0.35-லிருந்து 0.40 மி.மீ. வரை இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு பாயிண்ட்டுக்கு அடியில் உள்ள அட்வான்ஸ் எடைக்கட்டைகளை விரலால் விரித்துவிடுங்கள். ஸ்பிரிங் அவற்றைத் தானாக இழுத்துக்கொள்ள வேண்டும். துருப்பிடித்து விரிந்த நிலையிலேயே நின்றால் நாக்கிங் வரும், கூடவே கிக்கர் திருப்பி அடிக்கும். இரண்டும் சேர்ந்து வந்தால் வேறு எங்கும் தேட வேண்டாம். ஹெட்டில் கரி படிந்திருப்பதும், பெட்ரோல் காற்றுக் கலவையில் பெட்ரோல் குறைவாக இருப்பதும் மற்ற காரணங்கள். அலட்சியமாக ஓட்டினால் பிஸ்டன் தலையில் ஓட்டை விழும்.

உண்மையிலேயே உள்ளே

பிஸ்டன் ஆட்டம் மரத்தில் தட்டுவது போன்ற மந்தமான ‘டொக் டொக்’. குளிர்ந்த இன்ஜினில் வந்து, வண்டி சூடேறி பிஸ்டன் விரிந்ததும் போய்விட்டால் அப்படியே ஓட்டலாம். சூட்டிலும் நின்று, நீலப் புகையும் ஆயில் குறைவதும் சேர்ந்தால் போரிங் செய்து பெரிய பிஸ்டன் போடும் நேரம் வந்துவிட்டது. சின்ன எண்டு புஷ் தேய்ந்தால் சத்தம் இதைவிடக் கூர்மையாக, இரட்டை அடியாக, பாதி ஆக்சிலேட்டரில் தெரியும்.

பிக் எண்டு ஆழமான அடி. சிலிண்டரின் அடிப்பகுதியில் ஸ்குரூ டிரைவர் வைத்தால் கைக்கே தட்டும். ஆக்சிலேட்டரை விடும் அந்தக் கணத்தில் பலமாகக் கேட்கும், சூடு ஏற ஏறக் கூடும். பிரிக்கும் முன் ஒரு சாட்சி தேடலாம்: ஆயிலை வெள்ளைத் தட்டில் வடித்து வெயிலில் பாருங்கள். மினுமினுவென்று துகள்கள் மிதந்தால் காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு, அதாவது கியர், பேரிங், கேம். ஒட்டாவிட்டால் புஷ் அல்லது பிஸ்டன். ஃபில்டரையும் கிழித்துப் பாருங்கள். உறுதியாகத் தெரிய சிலிண்டரைக் கழற்றி, கனெக்டிங் ராடை நேர் மேலும் கீழும் இழுத்துப் பார்க்க வேண்டும். பக்கவாட்டில் கொஞ்சம் ஆடும், அது இருக்க வேண்டிய ஆட்டம். மேலும் கீழும் துளிகூட ஆடக் கூடாது. இதை உங்கள் கண்முன் செய்து காட்டச் சொல்வது உங்கள் உரிமை.

கிராங்க் பேரிங் சத்தம் அடியாக வராது, இடி உறுமுவது போல ‘கொர்ர்’ என்று ஃபுட்ரெஸ்டில் அதிர்வாக ஏறும்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போது திடீரென்று ‘கிரீச்’ என்று கேட்டு வண்டி இழுத்துப் பிடித்தால் பிஸ்டன் கவ்வுகிறது. யோசிக்காமல் கிளட்சைப் பிடித்து ஓரம் கட்டுங்கள். அரை மணி நேரமாவது ஆறவிடாமல் கிக்கரைத் தொடாதீர்கள். தண்ணீர் ஊற்றக் கூடாது, வார்ப்பிரும்பு விரிசல் விடும். பிக் எண்டு சத்தம் உறுதியானாலும், ராக்கருக்கு ஆயில் ஏறாவிட்டாலும், ரோட்டர் ஆடினாலும் பக்கத்து ஊர்தானே என்று ஓட்டாமல் டாட்டா ஏஸில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கனெக்டிங் ராடு முறிந்து கிராங்க் கேஸை உடைத்தால் அந்த வாடகையைப் போலப் பல மடங்கு போகும்.

ஒர்க்‌ஷாப்பில் விடும்போது ‘ஒரு மாதிரி சத்தம் வருதுண்ணே’ என்று சொல்லாமல் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுங்கள்: குளிரிலா சூட்டிலா, எந்த கியர், எத்தனை வேகம், கிளட்ச் பிடித்தால் நிற்கிறதா, மேட்டிலா இறக்கத்திலா, கடைசியாக எந்த வேலை பார்த்தபின் தொடங்கியது. கடைசிக் கேள்விதான் பல சமயம் விடையே. கழற்றும் பழைய சாமான் எல்லாம் ஒரு கவரில் வேண்டும் என்று வண்டியை விடும்போதே சொல்லிவிடுங்கள். வேலை முடிந்தபின் கேட்டால் கிடைக்காது.